ஆட்டக்காரர்கள் பெருகினால் போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: பிளாக்செயின் (இணையத்தில் பலர் பகிர்ந்து வைக்கும் பொதுப் பதிவேடு) விளையாட்டு ஒன்றில் சேரும்படி நண்பர் வற்புறுத்துகிறார். தொடங்குவதற்கே மூன்று கதாபாத்திரங்களை விலைகொடுத்து வாங்க வேண்டும். வாரந்தோறும் ஆட்டக்காரர்கள் கூடிக்கொண்டே போவதால் போட்டதைச் சில மாதங்களில் எடுத்துவிடலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நண்பர் சாதகமாகச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. புதியவர்கள் வந்தால்தான் உங்கள் பணம் திரும்பும் என்றால், அதைத் தரப்போவது விளையாட்டு அல்ல, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்.

ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் விளையாட்டிலும் ஆக்ஸி எனப்படும் கதாபாத்திரங்கள் மூன்றை வாங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. ஆடி வென்றால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது விற்றுப் பணமாக்கக்கூடிய டிஜிட்டல் நாணயம், கிடைக்கும். அதைச் செலவழிக்க இருந்த முக்கிய வழி, ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்வது. பிறக்கும் குட்டிகளை விற்கலாம். குட்டிகளை வாங்கப் புதியவர்கள் வந்தவரை எல்லாம் சுகம். எஸ்எல்பி விலை 2021 ஜூலையிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. ஆட்டக்காரர் எண்ணிக்கையோ அதன் பிறகும் ஏறி, நாளொன்றுக்கு 20 லட்சத்தைத் தாண்டியது! கூட்டம் கூடக்கூட டோக்கன் குவிந்தது. அதை விற்கத்தான் எல்லோரும் பார்த்தார்கள். 2022 நடுவில் அதன் விலை ஒரு சென்ட்டுக்கும் கீழே. அந்த ஆண்டு மார்ச்சில் ஆக்ஸியின் பிளாக்செயினில் நடந்த 60 கோடி டாலருக்கும் மேலான திருட்டைச் சிலர் காரணம் காட்டுவார்கள். சரிவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது.

எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். பிளாக்செயினில் தெரிவது வாலட்டுகள் எனப்படும் டிஜிட்டல் பணப்பைகள்தான், மனிதர்கள் அல்லர். ஒருவரே பல வாலட் வைத்திருக்கலாம். மனிதர் இல்லாமல் தானே இயங்கும் பாட் மென்பொருளும் ஆடும். கடந்த மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், லாபத்தை எதிர்பாராமல் ரசித்து ஆடிச் செலவழிப்பவர்கள் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்பதே பதிலானால் விலகி நில்லுங்கள்.

'விளையாட்டில் வாங்கும் பொருள் உங்களுக்கே சொந்தம்' என்பார்கள். எஃப்1 டெல்டா டைம் என்ற பிளாக்செயின் கார் பந்தய விளையாட்டில் ஒரு டிஜிட்டல் காரை 2019இல் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார் ஒருவர். 2022 மார்ச்சில் விளையாட்டு மூடப்பட்டது. கார் வாலட்டில் இருந்தது, அதை ஓட்டுவதற்குத்தான் பந்தயம் இல்லை. நிர்வாகம் மாற்று ஏதோ தந்தது என்றாலும், அதைத் தீர்மானித்தது வாங்கியவர் அல்ல.

ஆசை விடவில்லையென்றால், வாங்காமலே ஆடிப் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். ஆக்ஸியே 2022இல் தொடக்க ஆக்ஸிகளை இலவசமாகத் தரும் நிலைக்கு வந்துவிட்டது.