குதிரையேற்றம் பயில விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

குதிரையேற்றத்தையே தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்பட்ட உங்கள் மகள், 2024-இல் வெளியான பிரிட்டன் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டினின் காணொளியைப் பார்த்த பிறகு, "இது குதிரையை வதைக்கும் விளையாட்டா?" என்று கேட்டுக் கலங்குவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். இத்துறைக்கு வேண்டிய முதல் தகுதியே அதுதான்.

பயிற்சியின்போது குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்ததற்காக, ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற டுஜார்டினுக்கே சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஓராண்டு தடை விதித்தது. அது தனியொருவரின் குற்றம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததோ விதிமுறையின் குற்றம் என்பேன். நீச்சல், ஓட்டம், குதிரையேற்றம் முதலிய ஐந்தும் சேர்ந்திருந்த நவீன ஐந்திறப் போட்டியில் (மாடர்ன் பென்டத்லான்) குலுக்கலில் கிடைத்த குதிரையோடு பழக வீரருக்கு அப்போது 20 நிமிடமே தந்தார்கள். முந்தைய வீராங்கனையிடமே முரண்டு பிடித்திருந்த சேன்ட் பாய் என்ற குதிரை, ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோயிடம் தடுப்புகளைத் தாண்ட மறுத்தபோது, அவருடைய பயிற்சியாளர் அதைக் கையால் குத்தி வெளியேற்றப்பட்டார். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பின் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது.

ஆகவே பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கோப்பைகளை எண்ணாமல், சேணத்தைக் கழற்றும் நேரத்தில் போய் நின்று, முதுகில் புண் இருக்கிறதா, வாயோரம் கிழிந்திருக்கிறதா, மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். குதிரை தாண்ட மறுத்தால் பயிற்சியாளர் முதலில் வலி எங்கே என்று தேடுகிறாரா, சாட்டையை எடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். வயதான குதிரைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே சேர்க்க வேண்டாம்.

வருமானத்தைப் பொறுத்தவரை, போட்டி வீரராக மட்டும் வாழ்வது நம் நாட்டில் கடினம். குதிரையின் விலையும் பராமரிப்பும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதவை. பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறார் என்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கால்நடை மருத்துவர்தான் குதிரையின் நாடி பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்காவிட்டால், முன்னணியில் வந்த குதிரையும் அத்துடன் நிறுத்தப்படும். உங்கள் மகளின் மனம் அந்தப் பொறுப்புக்கு ஏற்றது என்று நம்புகிறேன்.

சவாரியையும் விட வேண்டியதில்லை. வார இறுதியில் அனுப்புங்கள். ஏறுவதற்கு முன், குளம்பைச் சுத்தம் செய்யவும் உடம்பைத் தேய்த்துவிடவும் கற்றுத்தரும் இடமாகப் பார்த்து அனுப்புங்கள்.