ஒலிம்பிக் சின்னங்கள், நிறங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சின்னப் படம் போடுகிறார்களே, அதை யார் தொடங்கியது?

பதில்: திட்டமிட்ட ஒரு முழுத் தொகுப்பாக வந்தது 1964 டோக்கியோவில்தான். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. பலகைக்குப் பலகை எத்தனை மொழியில் எழுத முடியும்? மசாரு கட்சுமி தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து விளையாட்டுகளுக்கும், கழிப்பறை, தொலைபேசி போன்ற வசதிகளுக்கும் படம் வரைந்தது. வேலை முடிந்ததும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அந்த மனசு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: சார், உங்களைப் பொறுத்தவரை சிறந்த ஒலிம்பிக் வடிவமைப்பு எது?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், 1972 மியூனிக். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஹிட்லர் அரசு தன் விளம்பரமாக்கிக்கொண்டது. ஊரெங்கும் நாஜிகளின் சிவப்புக் கொடி. மறுபடி ஜெர்மனிக்குப் போட்டி வந்தபோது வடிவமைப்புப் பொறுப்பு ஓட்ல் ஐஷரிடம் போனது. நாஜிகளை எதிர்த்ததற்காக 1943இல் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் இருவருக்கும் நெருங்கியவர் அவர். பின்னாளில் அவர்களுடைய அக்கா இங்கேவைத் திருமணம் செய்துகொண்டார். அப்படிப்பட்டவர் சிவப்பைத் தொடுவாரா? வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று எடுத்தார். வால்டி என்ற நாய்தான் அந்தப் போட்டியின் அடையாளப் பொம்மை (மாஸ்காட்). அதன் உடம்பில் உள்ள பட்டைகளைப் பாருங்கள், ஆரஞ்சோடு நின்றுவிடும்.

அவருடைய விளையாட்டுப் படங்களைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பாருங்கள். தலை ஒரு வட்டம். கை, கால் எல்லாம் படுக்கையாக, நேராக, இல்லாவிட்டால் 45 டிகிரி சாய்வாக. அவ்வளவுதான் விதி. ஆனாலும் ஓடுகிறவர் ஓடுகிறார், நீந்துகிறவர் நீந்துகிறார்.

கேள்வி: மெக்சிகோ 68 லோகோ ஏன் அலை அலையாக இருக்கிறது?

பதில்: அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் ஒலிம்பிக் வளையங்களோடு 68 என்ற எண்ணைப் பின்னினார். அந்தக் கோடுகளே விரிந்து நாட்டின் பெயராகின்றன. மெக்சிகோவின் உய்ச்சோல் பழங்குடியினர் தேன்மெழுகு பூசிய பலகையில் வண்ண நூலை வரிசையாக அழுத்தி ஒட்டிப் படம் செய்வார்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

கேள்வி: டோக்கியோ 2020 லோகோவை மாற்றினார்களே?

பதில்: ஆமாம். காப்பி என்று புகார் எழுந்ததால் முதல் லோகோவை 2015இல் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் வந்தது அசாவோ தொகோலோவின் கருநீலச் சதுரங்க வட்டம்: மூன்று வகைச் செவ்வகம், மொத்தம் 45. அதே 45 துண்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் பாராலிம்பிக் சின்னம்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் போட்டிக்கு நான்தான் லோகோ செய்கிறேன். எங்கே தொடங்கட்டும் அண்ணா?

பதில்: லோகோவில் தொடங்காதீர்கள் தம்பி. 2022 செஸ் ஒலிம்பியாட் என்றதும் நினைவுக்கு வருவது லோகோ இல்லை, சென்னை நேப்பியர் பாலத்தின் கருப்பு வெள்ளைக் கட்டங்கள்தானே? மூன்று நிறம், ஓர் எழுத்துரு, வரைய ஒரு கட்ட அமைப்பு. முதலில் இதை முடிவு செய்யுங்கள். அதை வைத்து நுழைவுச்சீட்டும் தண்ணீர்ப் பந்தல் பலகையும் செய்து பாருங்கள். லோகோ அதற்குள்ளிருந்தே வரும்.