நாரை மேல் ஏறிப் போகிறேன், இது நோயா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 46. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரியைக் கிண்டலடித்து நாலு வரி எழுதினேன். அடுத்த வாரமே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். ஏழு மாதமாக ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். அரசர்களின் கோபத்துக்கு ஆளாகித் துரத்தப்பட்ட பழைய சீனக் கவிஞர்களைப் படித்துத்தான் இரவைத் தள்ளுகிறேன். நாரை மேல் ஏறிப் பறப்பது, மேகத்துக்குள் மறைவது... கண்ணை மூடினால் நானும் போய்விடுகிறேன். மனசு லேசாகிறது. மனைவியோ, "தப்பிச்சு ஓடுறீங்க, டாக்டரைப் பாருங்க" என்கிறாள். இது நோயா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய சீனக் கவிஞர் சூ தோங்போவும் கவிதை எழுதித்தான் மாட்டிக்கொண்டார். 1079இல் சிறை, அப்புறம் ஹுவாங்ஜோ என்ற ஊருக்குத் துரத்தல். அங்கே ஒரு தாவோ (சீனாவின் பழைய சமயம்) கோயிலில் 49 நாள் தங்கித் தியானம் செய்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய வீட்டுக் கணக்கு. மாதம் பிறந்ததும் 4500 காசை 30 கட்டாக்கி உத்தரத்தில் தொங்கவிடுவார். காலையில் கவைக்கோலால் ஒரு கட்டை இறக்கியதும் கோலை ஒளித்துவைத்துவிடுவார்! மிஞ்சும் காசு மூங்கில் குழாய்க்குள் போகும், விருந்தாளி செலவுக்கு.

இதே மனிதர்தான் 1082இல், படகுக்கு மேலே கத்திக்கொண்டு பறந்த நாரை கனவில் தாவோ துறவியாக வந்ததை எழுதினார். இன்னோர் இரவு குடித்துவிட்டு வீடு திரும்பினார். வேலைக்காரப் பையன் குறட்டை விட்டுத் தூங்குகிறான், தட்டினால் கதவு திறக்கவில்லை. கைத்தடியை ஊன்றி நின்று ஆற்றின் சத்தம் கேட்டார். சின்னப் படகில் ஏறிப் போய் மிச்ச ஆயுளை ஆற்றிலும் கடலிலும் கழித்துவிடலாம் என்று பாடினார். மறுநாள் ஊரெல்லாம் 'ஆள் ஓடிவிட்டார்' என்று பேச்சு. காவலுக்குப் பொறுப்பான அதிகாரி பதறிக்கொண்டு வந்து பார்த்தால், கவிஞர் படுக்கையில் குறட்டை விடுகிறார் என்கிறது ஒரு பழைய குறிப்பு.

கற்பனையில் போய்வருவது நோயில்லை. திரும்பி வருகிறீர்களா என்பதுதான் கேள்வி. தூக்கம் கெட்டால், பகல் வேலை ஓடாவிட்டால், 'திரும்பவே வேண்டாம்' என்று ஒருமுறை தோன்றினாலும், உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் நாரை இருக்கிறது, மேகம் இருக்கிறது, அந்த ஊர் ஆள் ஒருவர்கூட இல்லை. தோங்போவின் மூங்கில் குழாய் விருந்தாளிக்காக இருந்தது. அடுத்த கடிதத்தில், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்.