தாத்தாவின் கொள்ளும் டாக்டரின் புல்லும்

பெங்களூரு யெலஹங்கா பக்கம் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை வாங்கியிருக்கிறீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வயிற்று வலி. தாத்தா இருவேளையும் கொள்ளு என்கிறார், டாக்டர் புல் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் பக்கம்தான்.

தாத்தா காலத்து ஜட்கா குதிரை நாள் முழுக்க வண்டி இழுத்தது. மேய நேரம் ஏது? அதற்கு வேகவைத்த கொள்ளு சரி. உங்கள் குதிரை லாயத்தில் சும்மா நிற்கிறது. குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான். தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், பல மணி நேரம் வெறும் வயிறாக நின்றால் புண் வரும். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ உலர்ந்த புல்லைப் பல தடவையாகப் போடுங்கள். கொள்ளை ஒரேயடியாக நிறுத்தாமல் பத்து நாளில் மெல்லக் குறையுங்கள். வாரம் ஒருநாள் தவிட்டுக் கஞ்சி வைப்பதும் வேண்டாம். தீனி திடீரென மாறினால் குடல் தாங்காது.

அப்புறம், வலி வந்தால் பெருங்காய எண்ணெயைப் புட்டியில் எடுத்து வாயில் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். என் சித்தப்பா அப்படித்தான் ஒரு குதிரையை இழந்தார். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, லத்தி போடாமல் இருந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உங்களுக்கு அதிக தூரமில்லை, அங்கும் இப்போதே ஒருமுறை விசாரித்து வையுங்கள்.

தாத்தாவை மட்டும் லாயத்திலிருந்து விலக்கிவிடாதீர்கள். தினமும் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதையும் உடம்பு தேய்ப்பதையும் அவரிடமே விடுங்கள்.