பேஸ்பால் பருவத்தின் நடுவில் வீரர்களை மாற்றிக்கொள்வது அணிக்கு உண்மையில் உதவுமா?

உதவும், ஆனால் பலரும் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். அமெரிக்காவின் மேஜர் லீக்கில், ஜூலை இறுதிவாக்கில் ஓர் அணி தன் இளம் வீரர்களைக் கொடுத்து வேறு அணியின் தேர்ந்த வீரரை வாங்கிக்கொள்ளும். அதற்குள் 162 ஆட்டங்களில் ஏறக்குறைய நூறு முடிந்திருக்கும். தொடக்கப் பந்துவீச்சாளர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். எத்தனை சிறந்தவர் வந்தாலும் இரண்டு வெற்றி கூடினாலே பெரிது. முக்கால் பந்தி முடிந்தபின் வரும் சமையல்காரர் பாயசத்தை மட்டும்தானே சீராக்க முடியும்?

ஓட்டையை அடைக்கும்போதுதான் முழுப் பலன். 2021இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் வெளிக்கள வீரர் (மைதானத்தின் தொலைப்பகுதியில் பந்தைத் தடுப்பவர்) ரொனால்ட் அக்குனா முழங்கால் காயத்தால் விலகியதும், அந்த அணி ஜூலையிலேயே நான்கு வெளிக்கள வீரர்களைச் சேர்த்தது. அவர்களில் எடி ரொசாரியோ வந்தபோது காயத்தில் இருந்தார். ஹோர்ஹே சோலேர் அதுவரை சரியாக அடிக்கவே இல்லை. ஆனால் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரை பிரேவ்ஸ் வென்றபோது, அந்தச் சோலேர்தான் அத்தொடரின் சிறந்த வீரரானார்.

பெரிய நட்சத்திரத்தை வாங்கினால் கோப்பை உறுதி என்பது தவறான எண்ணம். பிரேவ்ஸ் வாங்கிய நால்வரும் அப்போது அப்படிப்பட்டவர்கள் அல்லர்.