சரிவில் ஒரு கோச்சிப் பாதை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் மலைரயில் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் பிறந்து வளர்ந்து இப்போது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் இருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ஏழு வயது மகனுக்கு என்று சொல்லி (உண்மையில் எனக்குத்தான்) எல்ஜிபி என்ற, தோட்டத்திலும் ஓட்டக்கூடிய பொம்மை ரயில் செட் ஒன்று வாங்கினேன். ஹாலில் வட்டமடித்தது போதும், பின்தோட்டத்தில் பாதை போடலாம் என்று ஆசை. தோட்டம்தான் பிரச்சினை. வீட்டிலிருந்து வேலி வரை 12 மீட்டர், அகலம் 7 மீட்டர். அந்த 12 மீட்டருக்குள் நிலம் ஒன்றரை மீட்டர் இறங்கிவிடுகிறது. முழுக்கக் களிமண். குட்டி ஜேசிபி வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் மட்டப்படுத்திவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கோ கோச்சி (எங்கள் ஊரில் ரயிலை அப்படித்தான் சொல்வோம்) மேலிருந்து இறங்கித் திரும்ப ஏற வேண்டும், முடிந்தால் எங்கள் பக்கத்துத் தெமோதரையில் போல ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போக வேண்டும். நடக்குமா? பாதைக்கு அடியில் பலகையா, கான்கிரீட்டா? மின்சாரம் தண்டவாளத்திலா, பேட்டரியா? தேயிலை மாதிரி தெரிய என்ன செடி வைக்கலாம்? மனைவியின் ஒரே நிபந்தனை, துணி காயப்போடும் குடைக்கம்பியை ஒழித்துக்கட்டக் கூடாது.

ச., ஷெஃபீல்ட்

அன்புள்ள ச,

முதலில் அந்த ஜேசிபியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கொடுத்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால், மேல்பாதியில் வெட்டிக் கீழ்பாதியில் கொட்ட வேண்டிய மண் கிட்டத்தட்ட 16 கனமீட்டர், எடையில் 25 டன்னுக்குக் குறையாது. அப்புறம் மேலே முக்கால் மீட்டர், கீழே முக்கால் மீட்டர் என்று இரண்டு தடுப்புச் சுவர்கள் வேறு. இவ்வளவும் செய்து முடித்தால் மிஞ்சுவது ஒரு சப்பையான புல்தரை, அதில் ஓடும் ரயிலைப் பார்க்க நீங்கள் தரையில் மண்டியிட வேண்டும். மட்டமான தோட்டம் வாய்த்தவர்கள் செங்கல்லையும் மண்ணையும் கொட்டி மேடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது.

அதற்காக நிலம் போகிற போக்கில் தண்டவாளத்தைப் போட்டுவிடவும் முடியாது. உங்கள் சரிவு 8-க்கு 1, அதாவது எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். நீலகிரி மலைரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறத்தாழ 12-க்கு 1 ஏறுகிறது, அதற்கே நடுவில் பல் தண்டவாளம் தேவைப்படுகிறது. தோட்டப் பாதையில் 50-க்கு 1 என்றால் கவலையில்லை, ஆனால் இழுக்கும் பெட்டிகள் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி என்றால் 30-க்கு 1 தாங்கும். 25-க்கு 1 தாண்டினால், அதுவும் வளைவில், சக்கரம் சுழலும், வண்டி நகராது. எல்ஜிபியிலேயே பல்சக்கர எஞ்சினும் அதற்கான பல் பட்டையும் உண்டுதான். ஆனால் நீங்கள் கேட்பது ஊட்டி ரயில் இல்லையே.

நிலத்தின் சரிவு வேறு, பாதையின் சரிவு வேறு. இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் எல்ல என்ற ஊரிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில்பாதையில் செய்ததே இதுதான். 44-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்கு வகுத்திருந்த எல்லை, மலையோ அதைவிட வேகமாக இறங்குகிறது. பாதையைச் செங்குத்தாக்க முடியாது, ஆகவே நீளமாக்கினார்கள். தெமோதரை ஸ்டேஷனை விட்டதும் குன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளை நோக்கிப் போகிறது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து எஞ்சினியருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தப் பக்கத்துக்காரர், நீங்கள் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கதை எப்படியோ போகட்டும், கணக்கு உங்கள் தோட்டத்திலும் அதேதான்.

உங்கள் அளவுகளை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன், நடக்கும். வீட்டு வாசல்படி மட்டத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள். வீட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிலம் 50 செ.மீ. இறங்கியிருக்கும், அங்கே தரையோடு தரையாக ஸ்டேஷன். ஸ்டேஷனை விட்ட பாதை ஒரு வளையமாகச் சரிவுப் பக்கம் வெளியே போய், சுற்றி, திரும்ப அதே இடத்துக்கு 75 செ.மீ. மட்டத்தில், அதாவது ஸ்டேஷன் தண்டவாளத்துக்கு 25 செ.மீ. கீழே வந்து சேர வேண்டும். எஞ்சின் உயரம், மேலே தாங்கும் பலகையின் தடிமன் எல்லாம் சேர்த்து இந்த 25 தேவை, குறைக்காதீர்கள். செட்டோடு வந்த வளைவுத் துண்டுகள் 60 செ.மீ. ஆரம். அதில் முழு வட்டமே 3.8 மீட்டர்தான், அதற்குள் 25 செ.மீ. இறங்கினால் 15-க்கு 1. அவற்றைச் சைடிங்குக்கு (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதைக்கு) வைத்துக்கொண்டு 1.2 மீட்டர் ஆரமுள்ள வளைவு வாங்குங்கள். சுற்று ஏழரை மீட்டர் வரும். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் மட்டமான இடம் விடவேண்டும் என்பதால் வட்டத்தை இழுத்து முட்டை வடிவமாக்கி 9 மீட்டர் ஆக்கிவிட்டால் சரிவு ஏறத்தாழ 30-க்கு 1-ல் நிற்கும்.

இங்கேதான் உங்கள் சரிவு உதவுகிறது. வளையத்தின் வெளி ஓரம் நிலம் தாழ்ந்த பக்கம் போகும்போது தரைக்கு மேலே 20 செ.மீ. மிதக்கும், கால்கள் போதும், பாலம் மாதிரியே தெரியும். திரும்பி வரும்போது தானாகவே நிலத்துக்குள் புகும், ஒரு பள்ளமும் மேலே ஒரு கற்பலகையும் போட்டால் சுரங்கம். மட்டமான தோட்டத்தில் இதே வளையத்தைக் கட்ட அத்தனையையும் தூண்களில்தான் தூக்கி நிறுத்த வேண்டும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகு தோட்டத்தின் ஓரமாகப் பெரிய சுற்று. அதற்கு 20 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும், இழந்த 25 செ.மீட்டரை 80-க்கு 1 என்ற ஏற்றத்தில் மெதுவாகத் திரும்பப் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். ஆக வண்டியை எப்போதும் ஒரே திசையில், பதுளைப் பக்கமாகவே ஓட்டுங்கள். செங்குத்தான பகுதி இறக்கமாகவும், நீளமான பகுதி ஏற்றமாகவும் இருக்கும், எஞ்சினுக்குச் சிரமமில்லை. மின்சார எஞ்சினில் இருக்கும் திருகுப்பல் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு நிஜ நீராவி எஞ்சின் வாங்கும் ஆசை வந்தால் (வரும், எல்லோருக்கும் வருகிறது) இந்த இறக்கத்தில் அது ஓடித் தப்பிக்கப் பார்க்கும். நீராவிக்காரர்கள் பாதையைத் துல்லிய மட்டமாகப் போடுவது அதனால்தான்.

கீழ்க்கோடியில், வேலிக்கு ஒரு மீட்டர் முன்னால், பாதை தரையிலிருந்து 70–75 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் மகன் நின்றபடி பார்க்கலாம், நீங்கள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டிகளை ஏற்றி இறக்கலாம். தோட்டத்திலேயே நல்ல இடம் அதுதான், யார்டு (வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம்) போடுவதென்றால் அங்கே போடுங்கள். வேலிக்கும் பாதைக்கும் நடுவே ஆள் நுழைய இடம் விடுவதும் முக்கியம், இலை பொறுக்க அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும்.

மட்டம் பார்க்க லேசர் கருவி வாங்காதீர்கள், நல்ல வெயிலில் அதன் கோடு கண்ணுக்கே தெரியாது. நம்மூர்க் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரி தெரியும் பத்து மீட்டர் குழாய், உள்ளே நிறம் கலந்த தண்ணீர், காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் பாதை மட்டத்தைக் கோடு போட்டு நூல் கட்டுங்கள். நூல் தரைக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பது அப்போதுதான் உண்மையில் தெரியும். எட்டுக்கு ஒன்று என்று நான் போட்ட கணக்கெல்லாம் நிலம் ஒரே சீராக இறங்குகிறது என்று நினைத்துப் போட்டது. எந்தத் தோட்டமும் அப்படி இறங்காது. அதன்பின் செங்கல், உடைந்த ஸ்லாப், கட்டை, கிடைப்பதையெல்லாம் அடியில் வைத்துத் தண்டவாளத்தைத் தற்காலிகமாகப் போட்டு ஒரு கோடைக்காலம் ஓட்டுங்கள். எங்கே கால் இடறுகிறது, எங்கே புல்வெட்டும் இயந்திரம் முட்டுகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பலகையா கான்கிரீட்டா என்றால், இரண்டும். தரையோடு போகும் இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, உடைகல்லை இறுக்கித் திமிசு போட்டு, மேலே சின்ன ஜல்லி பரப்பினால் போதும், கான்கிரீட் பட்டை உங்கள் விருப்பம். உயரமான இடத்தில் தூண்களும் பலகையும். மரத்தூண் மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் உளுக்கும், அதனால் மறுசுழற்சி பிளாஸ்டிக் கம்பங்கள் நல்லது. ஆனால் பிளாஸ்டிக் பலகை வெயிலில் தொய்யும், அரை மீட்டருக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். களிமண் கோடையில் சுருங்கி மழைக்காலத்தில் உப்பும், ஆகவே கம்பம் அரை மீட்டராவது இறங்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கீழே கொட்டிய இடத்தில் உடனே எதையும் நிறுத்தாதீர்கள், ஒரு குளிர்காலமாவது அது படியட்டும்.

மண்ணைவிட எனக்குத் தண்ணீர்தான் கவலை. சரிவில் பெய்யும் மழை முழுவதும் நீங்கள் வெட்டும் பள்ளத்தைத் தேடித்தான் வரும், களிமண் அதைக் குடிக்காது. சுரங்கத்துக்கு மேட்டுப் பக்கமாக ஒரு கான் (வடிகால்) வெட்டி, துளையிட்ட குழாயைப் போட்டு, சரளைக்கல்லால் மூடி, தண்ணீரை ஓரமாகக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தின் மேல்பலகை தூக்கி எடுக்கும்படி இருக்கட்டும், நீளம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். வண்டி எப்போதும் கை எட்டாத இடத்தில்தான் தடம்புரளும், பூனை எப்போதும் அங்கேதான் படுக்கும்.

பேட்டரிக்கு என் ஓட்டு. தண்டவாளத்தில் மின்சாரம் விட்டால் பித்தளை கறுக்கும், அதைத் தேய்க்க வேண்டும், ஈர இலை ஒட்டும், நத்தை ஊர்ந்து நசுங்கும், அப்புறம் வண்டி விக்கி விக்கிப் போகும். ஒரு பெட்டிக்குள் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்துவிட்டால் துடைப்பத்தால் ஒரு முறை பெருக்கிவிட்டு ஓட்டலாம். தற்காலிகக் கோடைக்கு மட்டும் செட்டோடு வந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது மழை படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பித்தளைத் தண்டவாளம் வெயிலுக்கு நீளும் என்பதையும் கவனியுங்கள். பத்து மீட்டருக்குக் குளிரிலிருந்து வெயிலுக்கு 7, 8 மி.மீ. வரை வரும். எல்லாத் துண்டையும் நெருக்கி முட்டவைத்து ஆணி அடித்தால் ஜூலையில் பாம்பாக நெளியும். மூட்டுகளில் மெல்லிய இடைவெளி விட்டு, ஜல்லிமேல் மிதக்க விடுங்கள்.

ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து சொல்லி மனதைக் கெடுப்பார்கள். எல்ஜிபி 1968-ல் நியூரம்பர்க்கில் லேமன் நிறுவனம் தொடங்கியது, 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயில்களை 22.5-ல் ஒரு பங்காகச் செய்வதற்காக. பதுளைப் பாதை அகலப் பாதை, 1676 மி.மீ. அப்படிப் பார்த்தால் உங்கள் தெமோதரையில் ஓடப்போவது ஊட்டி ரயிலுக்குரிய அளவு. இதற்காக எதையும் மாற்றாதீர்கள். பெட்டிகளுக்கு அந்த ஊர் நிறம் அடித்துவிட்டால் ஏழு வயதுப் பையன் கேஜ் அளக்கப் போவதில்லை.

தேயிலைக்கு லோனிசெரா நிடிடா என்று ஒரு செடி, நர்சரிகளில் வேலிச்செடியாக விற்பார்கள், இலை குட்டியாக இருக்கும், எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். வரிசை வரிசையாக நட்டு முழங்காலுக்குக் கீழேயே வெட்டி வைத்தால் தூரத்திலிருந்து கொழுந்து பறிக்கும் மலை மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் பலர் பாக்ஸ் செடி வைப்பார்கள், அதற்கு இப்போது பூஞ்சை நோயும் கம்பளிப்புழுவும் சேர்ந்து வருகின்றன, வேண்டாம். மண் சரியும் இடங்களில் படர் தைம் வையுங்கள், வேர் மண்ணைப் பிடிக்கும். சொலெய்ரோலியா என்ற பாசி மாதிரிச் செடியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அடுத்த வருடம் தண்டவாளத்தைத் தேட வேண்டியிருக்கும்.

குடைக்கம்பி விஷயத்துக்கு வருகிறேன். வளையத்தின் நடுவில் அதை நிறுத்திவிடலாம் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள், இடம் மிச்சம் என்று. ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தினமும் தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், அது நடக்காது. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் 4 மீட்டர் விட்டிருக்கிறேன் அல்லவா, அங்கே வலது மூலையிலோ இடது மூலையிலோ, எந்தப் பக்கம் வெயில் அதிகமோ அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்று மனைவியையே கேட்டுவிட்டு ஸ்டேஷன் முளையை அடியுங்கள்.