பாலத்துக்க பைல்ல (பாரத்த தாங்க மண்ணுக்குள்ள ஆழமா எறக்குற கான்கிரீட் தூணு), சுரங்கத்துல பைப் போட்டு ஏசி ஓட்டுறது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒத்து வருமா?

கேள்விக்குக் கீழ "பாலம் கட்டுற ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது"ன்னு போட்டிருக்கீங்கல்லா, அதுக்குத்தான் எழுதுதேன். நான் பைலிங் சூப்பர்வைசர், மார்த்தாண்டம் பக்கம்.

வீட்டு கரண்ட் பில்ல நெனச்சு கேட்டிருந்தீங்கன்னா இது ஆவாது, பெரிய கட்டிடத்துக்கு உள்ள விஷயம். வியன்னால 2008ல திறந்த யூ2 மெட்ரோ நீட்டிப்புல சில ஸ்டேஷனுக்க சுவர் கான்கிரீட்டுக்குள்ளயே பைப் ஓட்டிட்டாங்க. அதுல சுத்துற தண்ணி குளிர் காலத்துல மண்ணுக்க சூட்ட எடுத்து ஹீட் பம்புக்கு (சூட்ட ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு தள்ளுற மிஷின்) குடுக்கும், கோடைல கட்டிடத்துச் சூட்ட மண்ணுல கொண்டு விடும். நமக்கு வேண்டியது ரெண்டாவதுதான்.

நம்ம மண்ணே சூடுல்லான்னு சண்டைக்கு வருவாங்க. மார்கழி விடியக்காலம் கெணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சித்திரை உச்சில அதே தண்ணி குளு குளுன்னு இருக்கும், மாறுறது வெளிக்காத்துதான். 10 மீட்டருக்குக் கீழ வருஷம் முழுக்க 27, 28 டிகிரிய ஒட்டித்தான் நிக்கும்.

ஒரு பாலத்து வேலைல, பக்கத்துல ஆஸ்பத்திரி, மொட்டைமாடி பூரா ஏசி அவுட்டோர் யூனிட் அனல் கக்கிட்டு நிக்குது. எனக்கு மேல உள்ள சார்ட்ட, சார், பைலுக்க கம்பிக்கூட்ட குழிக்குள்ள எறக்குறதுக்கு முன்ன கம்பியோட உள்பக்கமா எச்டிபிஇங்கிற கெட்டி பிளாஸ்டிக் பைப்ப யு மாதிரி வளைச்சு கட்டி, தண்ணி ஏத்தி பிரஷர் கேஜ மாட்டிட்டு கான்கிரீட் போடலாம், ட்ரெமி பைப் (கான்கிரீட்ட குழிக்க அடி வரைக்கும் கொண்டு போற குழாய்) இடிச்சு பொத்துப்போனா முள்ளு எறங்கிக் காட்டிடும்னு சொன்னேன். ட்ராயிங்ல உள்ளத மட்டும் செய்யுன்னுட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, டிசைன்லயே இல்லாதத அவரா சேக்க முடியாதுல்லா.

நான் இன்ஜினியர் இல்ல, இதுல குறையே இல்லன்னும் சொல்ல வரல. வியன்னால குளிர் காலத்துல சூட்ட திருப்பி எடுப்பாங்க, இங்க வருஷம் பூரா சூட்ட எறக்கிட்டே இருந்தா பைல சுத்தி மண்ணு மெல்ல சூடாயிட்டே போவும். ஊத்து ஓடுற எடமாப் பாத்து போட்டா அது கொஞ்சம் கொண்டு போவும்.

தெரியாத ஆளுங்கன்னு எழுதுற முன்ன, அந்த வேலைல எனக்க ரெண்டு மாச சம்பளம் இன்னும் வரல, காண்ட்ராக்டர் போனும் எடுக்கல, பைல் மட்டும் பாரத்த தாங்கிட்டுத்தான் நிக்குது, அதையும் பாருங்க.

உங்க பக்கம் புதுசா பாலமோ ஸ்டேஷனோ வருதுன்னா டெண்டருக்கு முன்னாடியே மனு குடுங்க. கான்கிரீட் விழுந்ததுக்கப்புறம் அந்த பைலுக்குள்ள யாராலயும் பைப் நுழைக்க முடியாது.